புற்று யாருடையது?

மழலையர் வகுப்புகளுக்கென வெளிவரும் படநூல்களில் 'விலங்குகளும் வாழிடங்களும்' என்ற பாடம் இல்லாத நூல் அரிது. இடப்பக்கம் விலங்குகள், வலப்பக்கம் இருப்பிடங்கள். இரண்டையும் குழந்தை கோடிட்டு இணைக்க வேண்டும். சிங்கம் – குகை, பறவை – கூடு, எலி – வளை, பாம்பு – புற்று. ஒரே பாடத்தில் இயற்கை அறிவும் சொல்வளமும் வாய்த்துவிடும் என்பது நூலாசிரியர்களின் நோக்கம். நல்ல நோக்கமே. ஆயினும் அண்மையில் இத்தகைய நூல்கள் சிலவற்றை ஒருசேரப் படித்தபோது, இரண்டுமே கைகூடவில்லை என்ற எண்ணமே நம்முள் மேலோங்கியது.

ஒரு வகுப்பறையில் நாம் கண்டதை இங்குச் சொல்ல வேண்டும். பாம்பிலிருந்து புற்றுக்குக் கோடிட்ட ஐந்து வயதுச் சிறுமி, "பாம்புக்குக் கையே இல்லையே டீச்சர், எப்படிக் கட்டிச்சு?" என்று கேட்டாள். "அது அப்படித்தாம்மா. அடுத்ததைப் போடு" என்றார் ஆசிரியை. சிறுமி அடுத்ததைப் போட்டாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. ஆசிரியையைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் கையிலிருந்த நூலிலும் அதற்கு விடை இல்லை.

புற்றைக் கட்டுவது கறையான். மண்ணைத் தன் உமிழ்நீரால் குழைத்து, உள்ளே காற்று உலவ வழிகள் விட்டு, கூட்டமாய் உழைத்து அது எழுப்பும் புற்றில் பின்னர் பாம்பு ஒதுங்குகிறது, உடும்பும் ஒதுங்குகிறது. நம் பாட்டிமார் இதைப் பழமொழியாகவே சொல்லி வைத்தார்கள். படநூலுக்கு மட்டும் அது எட்டவில்லை. மரப்பொந்தின் கதையும் இதுவே. மரங்கொத்தி குடைந்த பொந்தில் மற்றொரு பருவத்தில் மைனாவோ கிளியோ முட்டையிடும். ஓர் உயிரின் உழைப்பு மற்றோர் உயிருக்கு உறைவிடமாகும் இந்த உறவைத்தான் ஒன்றுக்கு ஒன்று என இழுக்கப்படும் கோடு மறைத்துவிடுகிறது.

கூட்டைப் பறவையின் வீடு என்பதும் பிழையே. பெரும்பாலான பறவைகளுக்குக் கூடு, முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலத்துக்கு மட்டுமே உரியது. மற்ற நாள்களில் அவை மரக்கிளைகளில் அடைகின்றன. குயில் கூடு கட்டுவதே இல்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. எனினும் 'குயில் – கூடு' என்று ஒரு நூல் துணிந்து அச்சிட்டிருக்கிறது! கிர்க் காட்டுச் சிங்கம் முள்மரங்களின் நிழலில் படுத்திருக்குமேயன்றிக் குகையில் குடித்தனம் நடத்துவதில்லை. வடதுருவப் பனிக்கரடியையும் தென்கோளத்துப் பென்குயினையும் ஒரே பனிப்பாறையில் நிற்கவைத்த படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறோம்.

இனிச் சொல்வளம். இந்நூல்கள் தருபவை பெயர்ச்சொற்கள் மட்டுமே. கறையான் புற்றெடுக்கிறது, நண்டு வளை தோண்டுகிறது, மரங்கொத்தி பொந்து குடைகிறது, தூக்கணாங்குருவி கூடு பின்னுகிறது. தமிழில் ஒவ்வோர் இருப்பிடத்துக்கும் உரிய வினை உண்டு. அந்த வினையில்தான் உயிரின் வாழ்முறை அடங்கியிருக்கிறது. வினையைக் கற்ற குழந்தை, யார் செய்தது என்று தானே கேட்கும்.

சில பெயர்களே பாடமாகவும் அமைகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழ்வது. வரை என்றால் மலை. பெயரைச் சொன்னாலே வாழிடம் விளங்கிவிடுகிறது. நாம் பார்த்த நூல்களில் வரையாடு இல்லை. ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றிலும் இருக்கிறது.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. நிலத்துக்குரிய கருப்பொருள்களில் விலங்கையும் பறவையையும் சேர்த்து எண்ணியது தொல்காப்பியம். அதன் மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் 9 தருகிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் என்று சொல்லி, தவழ்பவற்றுக்கும் அவற்றையே உரிமையாக்குகிறது. படநூல்களில் இவற்றுள் எஞ்சியிருப்பவை குட்டியும் கன்றும்தாம். ஒன்பதையும் மழலையர்மீது சுமத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆடு ஈன்றது மறி என்பதைச் சொல்லித்தரலாமே என்கிறோம்.

இந்நூல்களின் தாளும் வண்ணமும் உயர்ந்தவை, விலையும் அவ்வாறே. அடுத்த பதிப்பில் புற்றின் அருகே சிறியதாய் ஒரு கறையானை வரையச் செலவு அதிகம் பிடிக்காது.