திருநூற் பொருளும் மூலமொழி அறிவும்

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தே தமிழ் வழங்கும் ஊர்கள் பல. ஆயின் அவ்வூர்களின் வழிபாட்டிலே ஒலிக்கும் மொழி தமிழ் ஒன்றே யன்று. தலவிலப் புனித அன்னம்மாள் தேவாலயத்துப் பலிபீடத்தில் நெடுங்காலம் ஒலித்தது இலத்தீன். கற்பிட்டிப் பள்ளிவாயில்களில் ஓதப்படுவது அரபு. தெற்கே முன்னேச்சரத்துக் கருவறையில் எழுவது வடமொழி மந்திரம். இம்மூன்றையும் செவிமடுத்து வணங்கிய மீனவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் வணிகருக்கும் இவற்றுள் எதுவும் தாய்மொழி யன்று. அங்ஙனமாயின், தாம் போற்றும் திருநூலின் பொருளை இவர்கள் அறிந்தவர்களா, அறியாதவர்களா? ஒரு திருநூலை உணர்தற்கு அது முதலில் எழுந்த மொழியைக் கற்றேயாகவேண்டுமா? இவ்வினா சமயவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு நூலைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்னும் திறனாய்வு வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

மூலமொழி வேண்டும் என்பார் கூற்றை முதலில் அதன் முழு வன்மையோடும் நோக்குதல் முறை. சொல் வேறு மொழிக்குப் பெயரும்போது அதன் பொருளில் ஒரு பகுதியே உடன் வருகிறது. யோவான் எழுதிய நற்செய்தியின் தொடக்கத்திலே கிரேக்க மூலம் 'லோகோசு' என்னும் சொல்லை ஆள்கின்றது. அச்சொல்லுக்குப் பேச்சு என்பதும் பொருள். அறிவு, காரணம், ஒழுங்கு என்பனவும் பொருள். 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'வார்த்தை' என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'வாக்கு' என்றது. இரண்டும் நல்ல சொற்களே. எனினும் கிரேக்க மெய்யியலார் அச்சொல்லில் ஏற்றிவைத்த அறிவு என்னும் பொருட்கூறு இரண்டினும் தோன்றவில்லை. தமிழ் மட்டும் அறிந்தவன் அங்கே ஒன்று விடுபட்டிருப்பதையே அறியான்.

இறைவனைக் குறிக்கும் சொல்லும் இத்தகையதே. கத்தோலிக்கர் பன்னெடுங்காலம் 'சருவேசுரன்' என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பப்ரிசியசு 'பராபரன்' என்றார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கின்றது. மூலம் ஒன்றாக இருப்பவும் தமிழ்ச் செவியில் நான்கு வேறு உணர்வுகள் எழுகின்றன. சருவேசுரன் என்பதிலே அரசாட்சி தோன்றும். பராபரன் என்பதிலே சித்தாந்த மணம் கமழும். தேவன் என்பது சைவர் செவிக்குப் பல தேவருள் ஒருவன் என ஒலிக்கவும் கூடும். கடவுள் என்பதோ எல்லாச் சமயத்தார்க்கும் பொதுச்சொல். மொழிபெயர்ப்பாளன் சொல்லைத் தேர்கின்ற அக்கணமே ஒரு சமய விளக்கத்தையும் தேர்ந்துவிடுகின்றான். அத்தேர்வு சரியா, பிழையா என்று மூலத்தோடு ஒப்புநோக்கிக் கூறவல்லார் சிலரேனும் ஒரு சமுதாயத்தில் இல்லையாயின், அச்சமுதாயம் மொழிபெயர்ப்பாளன் கையில் அகப்பட்டதாகும். இவ்வளவும் மூலமொழிக் கட்சியார்க்கு ஒப்புக்கொடுக்க வேண்டியவை.

ஆயினும் அவர் கூற்று மேலும் செல்லுங்கால் இரண்டு தடைகள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது தடை, மூலம் என்பதே எளிதில் எட்டாத ஒன்று என்பது. தலவிலத்துப் பலிபீடத்தில் ஒலித்த இலத்தீன் மக்களால் வேதத்தின் மொழியென்றே மதிக்கப்பட்டது. 1546இல் திரிதெந்தின் சங்கம் இலத்தீன் விவிலியத்தை அதிகாரமுடையதென அறிவித்தது. ஆனால் அவ்விலத்தீன் நூலே எரோணிமுசு முதலானோர் ஆக்கிய மொழிபெயர்ப்பு. அதனைக் கடந்து கிரேக்கத்துக்குச் சென்றாலும் பயணம் முடிவதில்லை. இயேசுநாதர் மக்களோடு பேசியது பெரும்பாலும் அரமேய மொழி. நற்செய்திகள் நமக்குக் கிடைத்திருப்பதோ கிரேக்க மொழியில். எனவே கிரேக்க மூலத்திலேயும் அவர் திருவாய்மொழியிற் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாகவே நிற்கின்றது. தம் நூலின் முதற்சொற்களையே பெயர்த்து எழுதிக்கொண்டு பிறந்த ஒரு சமயம், பெயர்த்தலால் பொருள் அழியும் என்று கூறுதல் தன்னைத்தானே மறுத்தலாகும். இசுலாம் இவ்வகையில் வேறுபட்டது. அங்கே அரபு மூலமே திருமறை. பிறமொழியில் உள்ளது அதன் பொருள்விளக்கம் மட்டுமே. எனினும் இக்கரையோரத்து முசுலிம்கள் ஓதுதலை அரபிலே வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழிலே பெற்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் என்னும் வழக்கையும் போற்றினர். ஓதும் மொழியும் உணரும் மொழியும் வேறாக இருத்தல் கூடும் என்பதை இவர்கள் நடைமுறை காட்டுகின்றது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. மொழியை அறிதலும் நூலை உணர்தலும் ஒன்றல்ல. யாற்கர் தம் நிருத்தத்தில், வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்ற கெளத்சரின் கொள்கையை எடுத்தோதி மறுக்கின்றார். அவ்வாறு கூறிய கெளத்சர் வடமொழி அறியாதவர் அல்லர், அம்மொழியிலேயே வாழ்ந்தவர். யாற்கருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், வடமொழியிற் பெரும்புலமையுடையார்க்கும் பதினான்காம் நூற்றாண்டுச் சாயணரின் உரை தேவைப்பட்டது. வடமொழியை விடுத்துத் தமிழுக்கு வருவோம். மெய்கண்டதேவரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் உடையது. அது வடமொழி இரெளரவாகமத்தின் வழிவந்ததென்பாரும், தமிழிலேயே முதனூலாக எழுந்ததென்பாரும் உளர். எங்ஙனமாயினும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவன் சிவஞான முனிவரின் துணையின்றி அச்சூத்திரங்களுள் நுழைந்து மீளுதல் அரிது. திருக்குறளுக்கும் பரிமேலழகர் வேண்டப்பட்டார். மூலமொழி தாய்மொழியாகவே வாய்த்தவிடத்தும் உரையாசிரியன் இன்றியமையாதவனாகின்றான் எனில், மொழியறிவு வாயிற்கதவேயன்றி வீடன்று என்பது தெளிவு.

தமிழிலக்கண மரபு இச்சிக்கலை முன்னரே எண்ணியிருக்கின்றது. தொல்காப்பியர் மரபியலிலே நூலை முதனூல், வழிநூல் என இருவகைப்படுத்தி, வழிநூலின் நான்கு வகைகளுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாக வைத்தார். மொழிபெயர்ப்பை அவர் நிழலென்றோ குறையென்றோ தள்ளவில்லை. தொகுத்தலோடும் விரித்தலோடும் ஒத்த ஆசிரியத் தொழிலாகவே கொண்டார். வழிநூல் முதனூலுக்குக் கட்டுப்பட்டது; ஆயினும் அதுவும் நூலே. இக்கோட்பாட்டை அளவுகோலாகக் கொண்டு, ஈழத்திலே திருநூலைத் தமிழிற் பெயர்த்தோர் மூவகையாரை நோக்குவோம்.

முதல்வகையார் பிறநாட்டிலிருந்து வந்து தமிழைக் கற்றவர். கோவையிற் பிறந்து 1742இல் ஈழத்திலேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். இக்கோவை இந்தியாவின் மேற்குக் கரையில் போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவாகும். அவர் இயற்றிய சுவிசேட விரித்துரை, பெயரே சுட்டுமாறு, நற்செய்தியைத் தமிழில் விரித்துரைப்பது. பலிபீடத்து இலத்தீனுக்கும் மக்களின் பேச்சுக்கும் இடையே அவர் கட்டியது உரை என்னும் பாலம். அவர் மக்களை இலத்தீன் கற்கச் சொல்லவில்லை. தாம் தமிழ் கற்றார்.

இரண்டாம் வகையார் தமிழராய்ப் பிறந்து மூலமொழிகளைக் கற்றவர். ஈழத்தவராகிய பிலிப்பு தெ மெல்லோ ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளிற் பயின்று, 1759இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1859இல் அச்சிட்ட 'தமிழ்ப் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்றில் மெல்லோவுக்கும் ஓர் இடம் அளித்தார். இருமொழிப் புலமையும் ஒருவரிடத்தே பொருந்துதல் பெறற்கரும் பேறு. அரிதாதலின் அதனை யாவர்க்கும் விதியாக்குதல் இயலாது.

மூன்றாம் வகையே பெரிதும் ஆராயத்தக்கது. 1840களிலே யாழ்ப்பாணத்தில் உவெசுலியன் சபையைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் விவிலியத் தமிழாக்கத்தில் ஈடுபட்டார். அவர்க்குத் துணையாயிருந்தவர் 1822இல் நல்லூரிற் பிறந்து, அவரது பாடசாலையிலேயே பயின்று கற்பித்த ஆறுமுக நாவலர். ஒருவர்க்கு அந்நூலே திருநூல். மற்றவர்க்கு அது பிறசமய நூல். ஒருவர் நூற்பொருளுக்குப் பொறுப்பு. மற்றவர் தமிழுக்குப் பொறுப்பு. சென்னையில் மழவை மகாலிங்கையர் அத்தமிழ்நடையை நோக்கி ஏற்புடைத்தென்றார் என நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். நூல் 1850இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1848இல், நாவலர் அப்பாடசாலையை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார்.

அம்மொழிபெயர்ப்பு நிலைபெறவில்லை. தமிழகத்துச் சபைகள் அதனை விரும்பி ஏற்கவில்லை. லூத்தரன் சபையார் பப்ரிசியசின் நூலையே போற்றிவந்தனர். ஏனையோர் பலர்க்குப் பவர் தலைமையில் உருவாகிய 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பொதுநூலாயிற்று. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மூலமறிந்தவரும் தமிழறிந்தவரும் இசைந்தாலும் போதாது. அந்நூலைக் கொண்டு வழிபடும் மக்களின் நாவும் செவியும் மூன்றாவது நடுவராக இருக்கின்றன.

ஆனால் அம்முயற்சியின் வேறொரு பயன் எவரும் எதிர்பாராதது. நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, பழைய ஏற்பாட்டிலே யூதர்க்கு விதிக்கப்பட்ட ஆலயக் கிரியைகளை எடுத்துக்காட்டி, சைவக் கிரியைகளை இகழ்வார்க்கு விடையிறுத்தார். அவர் வாதம் எபிரேய இலக்கணத்தின் மேல் எழுப்பப்பட்டதன்று. தமிழில் வரிவரியாக ஆய்ந்து கற்ற விவிலிய அறிவின் மேல் எழுப்பப்பட்டது. எபிரேயம் அறியாதார்க்கு இதில் இடமில்லை என்று கூறி அவ்விடையை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் எதிர்த்தரப்பார் கையிலிருந்து மக்களுக்குக் கொடுக்கப்பட்டதும் தமிழ் விவிலியமே. தமிழில் நம்புதற்குப் போதிய நூல், தமிழில் வினாவுதற்குப் போதாதென்பது நேர்மையாகாது.

இதே நேர்மை எதிர்த்திசையிலும் வேண்டப்படும். வட்டுக்கோட்டை செமினரியிற் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஒய்சிங்டன் தமிழ் கற்று, சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். அவை அதே 1854இல் அமெரிக்காவில் நியூகேவனில் அச்சேறின. சைவசித்தாந்தத்தைப் பிறழ உணர்ந்த இடங்கள் அவர் நூலில் இருக்கலாம். ஆயினும் பிறர் நூலைப் பற்றிப் பேசுமுன் அதன் மொழியை உழைத்துக் கற்றார் என்னும் பெருமை அவர்க்கு உரியது. மொழியும் அறியாது, மொழியறிந்தாரோடு அமர்ந்தும் ஆயாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த வரிகளைக் கொண்டு பிறர் திருநூலைப் பழிப்போர் அன்றும் இருந்தனர். இன்றும் எல்லாச் சமயங்களிலும் உளர். மூலமொழி என்னும் தடை இவர்களுக்கே முதலில் இடப்படவேண்டும்.

இனி, புலவரை விடுத்து, பங்குனியிலும் ஆடியிலும் நடைபெறும் திருவிழாக்களுக்குத் தலவிலத்துக்கு வரும் அடியாரை நோக்குவோம். மரியாளின் தாயாக வணங்கப்படும் அன்னம்மாளின் பெயர் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. அது இரண்டாம் நூற்றாண்டளவிற் கிரேக்கத்தில் எழுந்து, திருச்சபையின் நூற்றொகுதியுட் சேர்க்கப்படாத யாக்கோபின் பெயரிலமைந்த ஒரு நூலிலிருந்து வந்தது. பிள்ளைப்பேறின்றி வருந்தி வேண்டிய அன்னாவின் கதையை அந்நூல் கூறும்போது, பழைய ஏற்பாட்டிலே சாமுவேலைப் பெற்ற தாயின் கதை அதன் பின்னே நிழலாடுகின்றது. அத்தாயின் எபிரேயப் பெயரும் அதுவே. அருள் என்பது அதன் பொருள். ஆங்கில விவிலியம் சாமுவேலின் தாயை 'அன்னா' என்பதினின்று வேறுபட 'ஃகன்னா' என எழுதுதலால், ஆங்கிலம் மட்டும் கற்றவன் இவ்வுறவை எளிதிற் காணான். 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியமோ சாமுவேலின் தாயையும், லூக்கா கூறும் முதிய தீர்க்கதரிசினியையும் ஒருங்கே 'அன்னாள்' என்றே வழங்குகின்றது. எபிரேயம் அறியாத தமிழ்ப் பெண் ஒருத்தி அவ்வொற்றுமையைத் தன் மொழியிலேயே கண்டுகொள்ளலாம். மொழிபெயர்ப்பு சில வாயில்களை அடைக்கும். சிலவற்றைத் திறக்கவும் செய்யும்.

அன்றியும், 'அன்னம்மாள்' என்னும் பெயரில் தமிழ்ச் செவி அன்னையையும் கேட்கின்றது. போர்த்துக்கேயர் 'சாந்தா அனா' என்றது தமிழகத்திற் 'சந்தன மாதா' ஆயிற்று. இவை எபிரேயச் சொற்பொருளோடு தொடர்பற்றவை. இவற்றை மூலப்பொருள் என ஒருவன் விரித்துரைப்பானாயின் அது பிழை. அங்கே மொழியறிந்தார் அவனைத் திருத்தல் கடன். ஆனால் பிள்ளைவரம் வேண்டி மணலில் முழந்தாளிட்டு நிற்பவள் சொல்லாராய்ச்சி செய்யவில்லை. அக்கதையின் உயிர்நிலையாகிய வேண்டுதலை அவள் தன் வாழ்வினாலே அறிவாள். அதனை அகராதி தருதல் இயலாது.

ஆகவே, உணர்தல் என்னும் ஒரு சொல்லால் மூன்று வேறு தொழில்களைக் குறித்தலே இவ்விவாதத்தின் மயக்கத்துக்குக் காரணம். நூலின் சொல் இதுவென நிறுவுதல் ஒன்று. சொல்லின் கருத்தை விளக்குதல் மற்றொன்று. கருத்தின் வழி நிற்றல் வேறொன்று. முதலாவதற்கு மூலமொழி இன்றியமையாதது; அங்கே ஆர்வமும் பக்தியும் அதற்கு ஈடாகா. இரண்டாவதற்கு மூலமொழியறிவோடு, கேட்போர் மொழியிலே அதற்கு ஒப்பான ஆழ்ந்த புலமையும் வேண்டும். மூன்றாவதற்கு இரண்டும் வேண்டா. முன்னிருவர் தம் கடனை நேர்மையாக ஆற்றியிருத்தலே வேண்டும்.

இதனால் மாணவர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வடமொழியோ எபிரேயமோ அரபோ கற்க வாய்ப்புள்ள ஒருவன் கற்கட்டும். அவன் கற்பது தனக்கு மட்டுமன்று, கற்க வாய்ப்பில்லாத ஆயிரவர்க்குமாகும். ஆனால் தான் கற்ற மொழியை வாயிலிற் காவலாக நிறுத்திப் பிறரை உள்ளே விடாதிருக்க அவனுக்கு உரிமையில்லை. கற்க வாய்ப்பில்லாதவன் தன் மொழியிலுள்ள உரைகளை நன்கு பயிலட்டும். ஒரு மொழிபெயர்ப்போடு நில்லாது இரண்டு மூன்றினை ஒப்புநோக்கட்டும். ஐயமுற்ற இடத்து அறிந்தாரை வினாவட்டும். யாழ்ப்பாணத்திலே பாதிரியாரும் நாவலரும் கூடி அமர்ந்து ஆற்றிய பணி, ஒருவர் மொழியை மற்றவர் மதித்ததனால் நிகழ்ந்தது. திருநூற் பொருள் ஒருவரால் தனித்து உடைமையாக்கப்படுவதன்று. அறிந்தாரும் அறிய விரும்பினாரும் கூடியிருந்து பெறுவதாகும்.