37 குதிரைகள்

டீசல் அம்பாசிடரைப் புகழ்பவர்களில் பாதிப் பேர் அதன் பின் சீட்டைத்தான் புகழ்கிறார்கள். நாலு பேர் தாராளமாக உட்காரலாம், மாப்பிள்ளையின் தலைப்பாகை கூரையில் இடிக்காது என்பார்கள். எனக்குப் பிடித்தது பானெட்டுக்குக் கீழே இருப்பது. 1980இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த 1489 சிசி டீசல் இன்ஜினை அம்பாசிடரில் பொருத்தி விற்க ஆரம்பித்தது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அது. சக்தி 37 குதிரை. இன்றைக்குக் கல்லூரிப் பையன் ஓட்டும் பெரிய பைக்கில் இதைவிட அதிகம் இருக்கும்.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் அந்த 37 தாராளம். சங்கராபரணிக்கும் தென்பெண்ணைக்கும் இடையே நிலம் தட்டையாகக் கிடக்கிறது. நெல்லும் கரும்பும் ஏரிக்கரையும்தான். மேடு என்று சொன்னால் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஒன்று. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து, வளைவில் ஆட்டுக்கு நின்று போகும் சாலையில் வேகத்துக்கு வேலையும் இல்லை. குன்னூர் மலைப்பாதையில் இந்த இன்ஜின் படும் பாட்டைப் பார்த்து அதை எடைபோடுபவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

இதில் டர்போ கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான். அந்தக் காற்றை 23 மடங்கு அமுக்கி, சூடேற்றி, ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறை ஒன்றில் சுழலவிட்டு, அதில் டீசலைப் பீய்ச்சுகிறது. அந்தச் சுழல் அறை ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலப் பொறியாளரின் ‘காமெட்’ வடிவம். 1930களில் லண்டன் பேருந்து இன்ஜின்களில் பேரெடுத்தது. முதல் வெடிப்பு அறைக்குள்ளேயே நடந்து, அழுத்தம் கொஞ்சம் தணிந்துதான் பிஸ்டன் தலைக்கு வருகிறது. கிராங்க், பேரிங் எல்லாம் நீண்ட நாள் தாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்கு விலையும் உண்டு. அறையின் சுவர் சூட்டைத் தின்றுவிடும். அதனால் மார்கழிக் காலையில் ஹீட்டர் பிளக் பழுக்கும்வரை பொறுக்க வேண்டும், மைலேஜும் இன்றைய காமன் ரெயில் வண்டி அளவுக்கு வராது.

ஆனால் காமன் ரெயில் வண்டி கடைசி நிமிஷம்வரை வாய் திறப்பதில்லை. ஒரு மஞ்சள் விளக்கு எரியும், வண்டி முடங்கும், லேப்டாப்போடு ஒருவர் வர வேண்டும். இந்தப் பழைய இன்ஜின் நாலைந்து மாதத்துக்கு முன்பிருந்தே முனக ஆரம்பித்துவிடும். இதன் நம்பகம் என்று நான் மெச்சுவது அந்த முனகலைத்தான். அதைக் காதில் வாங்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கும்வரை நடுரோட்டில் நிற்கும் பேச்சுக்கு இடமில்லை.

புகையில் தொடங்கலாம். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி ஏர் ஃபில்ட்டரை அடைத்தால் கரும்புகை. ஃபில்ட்டரைத் தட்டினாலோ மாற்றினாலோ போய்விடும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் வேலைக்குப் பணம் சேர்க்கலாம். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் நாசில் ஒழுகுகிறது, இல்லையேல் ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் போகிறது. அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதே வாயில் தலைகீழாக வைப்பார்கள். மூடி சும்மா உட்கார்ந்திருந்தால் ரிங் நல்லது. குதித்தால் சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது.

அழகான பரிசோதனை ஒன்று உண்டு. நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஸ்பானரால் ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவது. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் டீசல் வெளியே கசியும், இன்ஜின் ஒரு கால் நொண்டும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் குற்றவாளி. “நாலாவது செத்துப்போச்சுண்ணே” என்று பையன் குரல் கொடுப்பான். மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “எனக்குக் கேட்டுச்சுடா” என்பார்.

டாப்பெட் வைப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வால்வு எட்டு. எட்டாவது முழுக்க அமுங்கி இருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும். ஆறாவது அமுங்கினால் மூன்றாவதை. எதைக் கூட்டினாலும் ஒன்பது வரும். டாப் கியரில் போட்டுப் பையன் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ள, மெக்கானிக் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு இழுத்துப் பார்ப்பார். தகடு தடையில்லாமல் வந்தால் கேப் அதிகம்; தட்டல் கேட்கும். தகடே போகவில்லை என்றால் அதைவிட மோசம், வால்வு முழுக்க மூடாமல் எரிந்துபோகும். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு லேசு என்பது புத்தகத்தில் இருக்காது. தட்டும் டாப்பெட்டுக்குப் பயந்து இறுக்கமாக வைப்பவர்களிடம் வண்டியை விடக்கூடாது.

பம்பும் நாசிலும் தனி உலகம். சிஏவியின் டிபிஏ பம்புக்கு டீசலே மசகு. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்த டீசல் அதன் உள்ளுறுப்பைக் கீறிவிடும். அதனால் ஃபில்ட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நாசிலைக் கழற்றி கைப்பம்பு டெஸ்டரில் மாட்டி மெதுவாக அழுத்தினால், நல்ல நாசில் கரகரவென்று குரல் கொடுத்துப் பனிப்புகை மாதிரி பீய்ச்சும். முனை காய்ந்தே இருக்கும். இதன் பின்டாக்ஸ் வகை நாசிலில் பக்கவாட்டில் மயிரிழைத் துளை ஒன்று கூடுதலாக உண்டு. குளிர்ந்த இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டீசல் பெரும்பாலும் அந்த வழியாகப் போய், அறையின் சூடான பகுதியில் விழுந்து பற்றும். கரி அந்தத் துளையை அடைத்துவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. பாவம், பேட்டரிதான் திட்டு வாங்கும்.

மஹிந்திரா ஜீப்பில் வந்த 2112 சிசி பெஜோ இன்ஜினும் இதே சுழல் அறைச் சாதிதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊருக்கு, அவர்கள் போனபிறகு, மகாராஷ்டிரம் வழியாக வந்த பிரெஞ்சு இன்ஜின்! 1998 டிசம்பரில் வந்த டாட்டா இண்டிகாவின் 1405 சிசி டீசலும் டர்போ இல்லாமல் நன்றாகவே உழைத்தது. ஆனால் அதில் டைமிங் பெல்ட். மறந்தால் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிஎம்சியில் செயின், தளர்ந்தால் சலசலவென்று முதலிலேயே சொல்லும்.

இந்தப் பக்கத்தில் இன்ஜினுக்கு எமன் ரேடியேட்டரில் ஊற்றும் போர்வெல் தண்ணீர்தான். கடலோரம் நெருங்க நெருங்க உப்பு ஏறிய தண்ணீர். உள்ளே சுண்ணாம்பு படியும், குழாய் அடைக்கும், ஹெட் சூடேறி வளையும். கூலன்ட் ஊற்றச் சொன்னால் செலவு என்பார்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பும்போது கணக்குப் பார்ப்பதில்லை.

ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்கு (எஃப்சி) முன் புகைச் சோதனை வரும். பிஎஸ்-4க்கு முந்தைய டீசலுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ். நாசில் சுத்தமாக, டைமிங் சரியாக இருந்தால் கிழட்டு பிஎம்சியும் தேறும். சிலர் அந்த வேலைக்குப் போகாமல் பம்பின் டீசல் அளவைக் குறைத்து, சர்டிபிகேட் கைக்கு வந்ததும் திறந்துவிடுகிறார்கள். சிலர் திறக்க மறந்தும் போகிறார்கள். அப்படிப்பட்ட வண்டி கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் திணறும்போது, “இன்ஜின் போச்சு, வித்துடலாம்” என்று உரிமையாளர் சொல்வார். போனது இன்ஜின் இல்லை. கால் சுற்று ஸ்க்ரூ.