தலைப்பை மறைச்சுட்டுப் படிச்சுப் பாருங்க

அவனியாபுரத்துல எங்க தெருவுல ஒரு நர்ஸ் தங்கச்சி இருக்கா. போன மாசம் ஐஇஎல்டிஎஸ் ரிசல்ட்டை போன்ல காட்டினா. லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 6. சராசரி 6.75, அதை மேல ஏத்தி ஓவரால் 7 என்று போட்டிருந்தது.

"ஏழு வந்துருச்சுல்ல, அப்புறம் என்னம்மா?"

"அண்ணே, அவங்க தனித்தனியாத்தான் பாப்பாங்க."

ஆமாம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அங்குள்ள நர்சிங் கவுன்சில் கேட்பது ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ரைட்டிங்கும் 7 என்று இருந்ததை 2018 கடைசியில்தான் குறைத்தார்கள். அவளுக்கு இது மூணாவது தடவை. ஒரு தடவை எழுத பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய். அவளுக்கு அது ஒரு மாசச் சம்பளம்.

எதை வச்சு படிச்சேன்னு கேட்டேன். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தா, கோச்சிங் சென்டர் மெட்டீரியல். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். மதுரையில் மட்டும் இல்லை, எந்த ஊரிலும் இதே சரக்குதான் கைமாறுகிறது.

கட்டுரைப் பகுதிக்கு நாலு டெம்ப்ளேட். "இட் இஸ் அன் அன்டினையபிள் ஃபேக்ட் தட்" என்று ஆரம்பிச்சு, கோடிட்ட இடத்தில் தலைப்பைச் செருகி, "மொரோவர்", "ஃபர்தர்மோர்" போட்டு, "டு கன்க்ளூட்" என்று முடிக்கணும். அவள் பயிற்சிக்கு எழுதின மூணு கட்டுரையை எடுத்து, தலைப்பைக் கையால மறைச்சுட்டுப் படிச்சேன். ஒன்று பிளாஸ்டிக், ஒன்று ஆன்லைன் வகுப்பு, ஒன்று நகரத்து நெரிசல். முதல் அறுபது, எழுபது வார்த்தை வரைக்கும் எது எதுன்னு என்னால சொல்ல முடியலை. கேட்பதே 250 வார்த்தை; அதில் கால்வாசி யாரோ எழுதினது.

இதில் கொடுமை என்னன்னா, தேர்வாளர் எதைப் பார்த்து மார்க் போடுகிறார் என்ற பட்டியல் ரகசியமே இல்லை. ஐஇஎல்டிஎஸ் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னியா, கருத்து கோர்வையா இருக்கா, சொல் வளம், இலக்கணம் - நாலுக்கும் சம பங்கு. இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாக இருந்தால் அது 6-இன் அடையாளம் என்று அதிலேயே இருக்கு. 7 வேணும்னா வளைந்து கொடுக்கிற மாதிரி பயன்படுத்தணும். முழுக்க மனப்பாடம் என்று நிரூபணமானால் பூஜ்யம். அதாவது அவள் காசு கொடுத்து வாங்கினது 6 எடுப்பதற்கான வழி, எடுத்தும் விட்டாள்! அந்தக் கட்டில் நூத்திப்பத்து பக்கம். இந்தப் பட்டியல் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

டெம்ப்ளேட்டை முழுசா திட்டவும் மனசு வரலை. தமிழ் மீடியத்தில் படிச்சு வந்த பிள்ளைக்கு வெள்ளைப் பேப்பரைப் பார்த்தா கை நடுங்கும். முதல் ரெண்டு வாரத்துக்கு அது ஊன்றுகோல். நேரக் கணக்கையும் சென்டர் நல்லாவே பழக்குது. ஆனா ஊன்றுகோலைப் பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டுபோகச் சொல்றதுதான் தப்பு.

ஸ்பீக்கிங் கதை இன்னும் மோசம். ரெண்டாவது பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிஷம் யோசிச்சு, ரெண்டு நிமிஷம் வரை பேசணும். அவளுக்கு வந்தது உங்கள் ஊர்த் திருவிழா ஒன்றைப் பற்றி. தை முதல் நாள் ஜல்லிக்கட்டு நடக்கிற ஊர்க்காரி; அவ வீட்டு மொட்டை மாடியில நின்னா மாடு ஓடி வர்றது தெரியும். அவ பேசினது என்ன தெரியுமா? கட்டில் இருந்த தீபாவளி. விளக்கு, இனிப்பு, ஒற்றுமை.

"ஏம்மா ஜல்லிக்கட்டைச் சொல்லலை?"

"வாடிவாசலுக்கு இங்கிலீஷ் தெரியலைண்ணே."

அங்கேயே என்கிட்ட தமிழ்ல சொல்லச் சொன்னேன். மாட்டுக்கு டாக்டர் சோதனை, திமிலைப் பிடிக்கிறவன், விழுந்தவனை ஸ்ட்ரெச்சர்ல தூக்குறது, போன வருஷம் அவ டூட்டியில வந்த குத்துக் காயம். நாலு நிமிஷம் ஓடிருச்சு. வாடிவாசலுக்கு "காளை வெளியே வருகிற குறுகலான வாசல்" என்று சுத்தி வளைச்சு சொன்னாலே போதும். தெரியாத சொல்லை இப்படிச் சமாளிக்கிறதுக்கும் அந்தப் பட்டியலில் மார்க் உண்டு.

இப்போ கட்டை மூடி வச்சாச்சு. தினம் ஒரு கட்டுரை, நாற்பது நிமிஷம். மறுநாள் அவளே சிவப்புப் பேனாவால திருத்தணும். ஒரு வாரத்திலேயே தப்புகளுக்கு ஒரு ஒழுங்கு தெரிஞ்சது: "எ", "தி" விடுபடுவது, பன்மைக்கு "எஸ்" போடாதது. ரெண்டுமே தமிழ் வழியா வர்ற தப்பு. தமிழில் "தி"க்கு நிகர் ஒன்று இல்லை, "பத்து மாடு" என்றாலே போதும். ஜெராக்ஸ் கட்டு இந்த ரெண்டையும் தொடவே இல்லை.

மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறவங்களுக்கென்றே இருக்கிற ஓஇடிக்கு மாறலாமான்னு கேட்டா. கட்டணம் கூடுதல்தான். ஆனா அங்கே ரைட்டிங் என்பது நோயாளியின் குறிப்பிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக் கடிதம் எழுதுவது. டூட்டி மாறும்போது அவ தினம் வாயால செய்யுற வேலை. அதுக்கும் டெம்ப்ளேட் விக்கிறாங்களாம். வாங்கலைன்னு சத்தியம் பண்ணியிருக்கா, பார்ப்போம்.