கதையைக் கழித்த நாட்டியம்

ஒரு நாட்டியத்துக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘அவன் அவள் கையைப் பற்றி மாளிகைக்குள் அழைத்துச் செல்கிறான், மற்றவர்கள் பின்தொடர்கிறார்கள்.’ இதுவும் ஒரு பெயரா என்று கேட்கத் தோன்றும். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்திலிருந்து எடுத்த மேடைக் குறிப்பு அது. நாடகத்தைப் படித்தவர்களுக்கு, டங்கன் அரசன் தன்னைக் கொல்லப்போகிறவர்களின் மாளிகைக்குள் ஏக மரியாதையோடு அழைத்துச் செல்லப்படுகிற இடம் ஞாபகத்துக்கு வரும். படிக்கிறவர்கள் மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுவதுதான் வழக்கம். கவிதையெல்லாம் வசனத்தில் இருக்கிறது. குறிப்பில் இருப்பது வெறும் காரியம். கையைப் பற்றுவது, நடப்பது, பின்னால் போவது, அவ்வளவுதான். அத்தனை பெரிய நாடகத்தில் தமக்கு வேண்டியது என்று ஜெர்மன் நாட்டியக் கலைஞர் பீனா பௌஷ் பொறுக்கிக்கொண்டது இந்த வெறும் காரியத்தைத்தான். இலக்கியத்தை அவர் என்ன செய்தார் என்பது முழுவதும் இந்த ஒரு தேர்வில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

1940ல் சோலிங்கன் என்ற ஊரில் பிறந்தவர் பீனா. தாய் தகப்பனார் சிறிய ஹோட்டல் ஒன்று நடத்தினார்கள். குழந்தை மேஜைகளுக்கு அடியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். மேஜைக்கு அடியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, கால்கள்தான் தெரியும். ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டே காலால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பது தெரியும். நாவலாசிரியனுக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பிறகு எஸ்ஸன் நகரில் குர்ட் யோஸ் நடத்திய நாட்டியப் பள்ளி, அப்புறம் நியூயார்க், மீண்டும் எஸ்ஸன். 1973ல் வூப்பர்டால் நகர நாடக அரங்கின் நாட்டியக் குழுவுக்குத் தலைவரானார். வூப்பர்டால் ஆலைத் தொழில் ஊர். ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் ஒன்றைத் தவிர வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ள அங்கே அதிகமில்லை. அந்த ஊரில் 2009ல் இறக்கும்வரை அவர் இருந்தார். ஆரம்ப வருஷங்களில் ரஸிகர்கள் கதவை அறைந்து சாத்திவிட்டு எழுந்து போனார்கள்.

இலக்கியத்திடம் அவர் வந்தது முதலில் எல்லாரும் வருகிற வழியில்தான். 1974ல் இபிகீனியா, 1975ல் ஆர்பியஸ், இரண்டும் கிரேக்கக் கதைகள். க்ளுக் என்பவரின் சங்கீத நாடகங்களை நாட்டியமாக்கினார். 1976ல் பிரெக்டின் ‘ஏழு கொடிய பாவங்கள்’. இவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இவற்றோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமிருந்திராது.

திருப்பம் 1977ல் ‘நீலத்தாடி’யில் வந்தது. மனைவிகளைக் கொன்று பூட்டிய அறையில் வைத்திருக்கும் பிரபுவைப் பற்றிய பழைய கதை. பிரெஞ்சுக்காரர் பெரோ 1697ல் அச்சிட்டது. ஹங்கேரியின் பார்ட்டோக் அதைச் சங்கீத நாடகமாக்கியிருக்கிறார். பீனா அந்த நாடகத்தை ஆட எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஒலிநாடாவை ஒரு மனிதன் போட்டுக் கேட்பதை எடுத்துக்கொண்டார். தரையெல்லாம் சருகு. சக்கரம் வைத்த மேஜை மேல் டேப் ரிகார்டர். ஒரு பெண் தரையில் கைகளை உயர்த்திப் படுத்திருக்கிறாள். அவன் அவள்மேல் விழுகிறான். அவள் அவனைச் சுமந்துகொண்டு முதுகாலேயே நகர்கிறாள். திடீரென்று அவன் எழுந்து ஓடி நாடாவை நிறுத்துகிறான், பின்னுக்குச் சுற்றுகிறான், மறுபடி அதே இடத்திலிருந்து போடுகிறான். மறுபடி ஓடிவந்து அவள்மேல் விழுகிறான். மறுபடி நிறுத்துகிறான். பார்க்கிறவனுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஏழு கதவுகளையும் ஏழாவது அறையின் ரகசியத்தையும் பற்றிய கதை எங்கேயோ போய்விட்டது. செய்ததையே செய்து, கேட்டதையே கேட்டு, அதிலிருந்து வெளியே வர வழி தெரியாத ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். மனைவியைக் கொன்ற பிரபுவை நமக்குத் தெரியாது. இவனைத் தெரியும். இவன் பக்கத்து வீட்டில் இருக்கிறான்.

மாக்பெத் அடுத்த வருஷம், 1978ல். போகும் நகரின் நாடகசாலை அழைத்துச் செய்யச் சொன்னது. அங்கே அவருக்குக் கிடைத்தவர்களில் பாதிப்பேர் நாட்டியக்காரர்கள் அல்ல, நடிகர்கள், ஒருவர் பாடகி. அவர்களிடம் ‘இந்த அடவைப் பிடி’ என்று சொல்ல முடியாது. ஆகவே அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். குழந்தையாயிருந்தபோது எதற்குப் பயந்தாய், பண்டிகைக்கு வீட்டில் என்ன சமைப்பார்கள், அன்பாக ஒருவரைத் தொடுவது எப்படி என்ற மாதிரிக் கேள்விகள். பதிலை வார்த்தையாகச் சொல்லலாம், கையை அசைத்துக் காட்டலாம், பாடலாம். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார், பெரும்பகுதியைத் தள்ளிவிடுவார், மிஞ்சியதை வெட்டி ஒட்டி நாட்டியமாக்குவார். அன்றிலிருந்து கடைசிவரை அவர் வேலை செய்த முறை இதுதான். மாக்பெத்தில் கதையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தூக்கம் வராமல் புரள்வது, போகாத கறையைக் கழுவிக்கொண்டே இருப்பது, குற்றவாளி விருந்தினருக்கு முன்னால் நல்லவனாக நடப்பது. இந்த மூன்றும் நம் வீட்டிலும் நடப்பவை. ஷேக்ஸ்பியர் அபிமானிகளின் சங்கத்தார் முன்னிலையில் இதை ஆடியபோது சபையில் எழுந்த கூச்சல் பிரசித்தம். அவர்கள் கோபத்தை நான் பரிகசிக்கமாட்டேன். கம்பனைக் கேட்கப் போன இடத்தில் ஒருவர் கை கழுவிக் காட்டினால் நமக்கும் கோபம் வராதா?

நம்முடைய ரஸனைக்கு இது அன்னியம் என்று சொல்லிவிடுவது சுலபம். நம் நாட்டியம் தெரிந்த கதையின்மேல் நிற்கிறது. கண்ணன் வரவில்லை என்று நாயகி சொல்கிறாள். பாடகர் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஆடுகிறவள் ஒவ்வொரு தடவையும் வேறொரு முத்திரையால், வேறொரு பார்வையால் அந்த ஒரே அடிக்கு அர்த்தம் விரித்துக்கொண்டே போகிறாள். வார்த்தை ஒன்று, அபிநயம் பல. பீனா செய்வது இதற்கு நேர் தலைகீழ். அபிநயம் ஒன்றேதான், அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார், அர்த்தம் மாறிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு தடவை பார்த்தால் எதுவும் விளங்காது என்பது அந்த நம்பிக்கை. சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா, 1985ல் ‘அங்கிகா’ அமைத்தபோது, பரதத்திலிருந்து தெய்வக் கதையையும் ஏங்கும் நாயகியையும் விலக்கி உடலை மட்டும் நிறுத்திப் பார்த்தார். அவரும் பீனாவும் சினேகிதிகளானதில் ஆச்சரியமில்லை.

‘காஃபே ம்யூலர்’ நாட்டியத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதுவும் 1978ல் செய்ததே. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆடுகிறவர்கள் ஆறே பேர். சாம்பல் நிறமான ஒரு காப்பிக்கடை. நாற்காலியும் மேஜையும் நிறைந்து கிடக்கின்றன. பீனாவே வெள்ளை உள்ளுடுப்போடு, கண்ணை மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி சுவரோரமாக அலைகிறார். இன்னொரு பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு வருகிறாள். அவள் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மனிதன் அவளுக்கு முன்னால் ஓடி ஓடி நாற்காலிகளை அகற்றுகிறான். ஆரம்பத்தில் இந்த வேலையைச் செய்தவர் பீனாவின் வாழ்க்கைத் துணைவரும் அரங்க அமைப்பாளருமான ரோல்ஃப் போர்ட்சிக். 1980ல் அவர் இறந்துபோனார். இந்தச் சேதி தெரியாவிட்டாலும் அந்த ஓட்டத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். அன்பு என்பதற்கு நாவல்களில் எத்தனையோ பக்கங்கள் எழுதியாகிவிட்டது; ஒருத்தியின் வழியிலிருந்து நாற்காலியை எடுத்துப் போடுவது என்று யாரும் எழுதினதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் சொல்லவந்த இடம் வேறு. ஒரு ஆணும் பெண்ணும் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவது மனிதன் ஒருவன் வருகிறான். அவர்களுடைய கைகளைப் பிரிக்கிறான். உதட்டோடு உதடு வைக்கிறான். ஆணின் கைகளை மடக்கி, பெண்ணைத் தூக்கி அவற்றில் கிடத்திவிட்டுப் போகிறான். ஆணுக்கு அவளைத் தாங்கத் தெரியவில்லை. அவள் நழுவித் தரையில் விழுகிறாள். உடனே எழுந்து பழையபடி அவனைக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாமவன் திரும்பி வருகிறான். மறுபடி பிரித்து, மறுபடி கிடத்துகிறான். மறுபடி விழுகிறாள். இப்படியே எத்தனை தடவை! வேகம் ஏறிக்கொண்டே போகிறது. முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு சங்கடம். கடைசியில் மூன்றாமவன் போய்விடுகிறான். ஆனால் அவர்கள் இருவரும் தாங்களாகவே அதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கிடத்துகிறான், விழுகிறாள், எழுகிறாள், கட்டிக்கொள்கிறாள்.

கல்யாணத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதுகிற ஒருவன் இந்த ஐந்து நிமிஷத்தைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் வேண்டும். உலகம் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற பாவனை, சொல்லிக்கொடுத்தவர் போன பிறகும் உடம்பில் எப்படித் தங்கிவிடுகிறது என்பது இதைவிடச் சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை. கதையாக எழுதியிருந்தால் அந்த மூன்றாவது மனிதன் யார், மாமனாரா, மதகுருவா, சமூகமா என்று நாம் விளக்கவேண்டியிருக்கும். விளக்கிய மாத்திரத்தில் பாதி போய்விடும்.

பீனாமேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டையும் சொல்லவேண்டும். அமெரிக்க விமர்சகி ஆர்லீன் க்ரோச் 1984ல் கடுமையாகவே எழுதினார். வேதனையைக் காட்சிப் பொருளாக்கி விற்கிறார் என்பது அதன் சாரம். இது லேசான குற்றச்சாட்டு அல்ல. பெண்களைக் கீழே தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள். அதைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, எதிர்ப்பு எங்கே முடிந்து வேடிக்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு எல்லைக்கோடு உண்டு. ‘கான்டாக்ட்ஹோஃப்’ அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறது. ஜெர்மனியில் பரத்தையர் விடுதிகளில் வாடிக்கைக்காரர்கள் பெண்களைப் பார்க்கிற முற்றத்துக்கு வழங்குகிற பெயர் இது. மேடையில் ஒரு பழைய நடனக்கூடம். உயர்ந்த உடுப்பு உடுத்திய ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்து, முகம், பக்கம், முதுகு, உள்ளங்கை, பல் என்று சந்தையில் மாட்டைக் காட்டுவதுபோல் தங்களைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிற்பகுதியில், தனியாக நிற்கும் ஒரு பெண்ணை ஆண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவன் தலையைத் தடவுகிறான், ஒருவன் மூக்கைப் பிடிக்கிறான், ஒருவன் தோளைத் தட்டுகிறான். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் பிரியமான செய்கை. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. பல கைகள் சேர்ந்ததும் அது வதையாகிவிடுகிறது. அவள் வாயைத் திறப்பதில்லை.

க்ரோச்சுக்குப் பதில் என்று எண்ணி பீனா செய்தாரோ இல்லையோ, பதில் 2000ம் ஆண்டில் கிடைத்தது. அதே நாட்டியத்தை, ஓர் அசைவையும் மாற்றாமல், வூப்பர்டாலில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்ட சாதாரண மனிதர்களைக் கொண்டு ஆடவைத்தார். நாட்டியத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல அவர்கள். 2008ல் 14 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். வேதனை வெறும் காட்சிப் பொருளாக இருந்திருந்தால், பயின்ற அழகிய உடம்புகளை எடுத்தவுடன் அது செத்துப்போயிருக்கவேண்டும். சாகவில்லை. கிழவர்கள் முன்னால் வந்து பல்லைக் காட்டுகிறபோது, அது சொந்தப் பல்லா கட்டின பல்லா என்ற யோசனையோடு சிரிக்க ஆரம்பிக்கிறோம். உள்ளங்கையைக் காட்டும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. நரைத்த பெண் ஒருத்தியைச் சுற்றி அந்தக் கைகள் வரும்போது, இது அவளுக்கு முதல் தடவை அல்ல என்று தெரிகிறது. பிள்ளைகள் ஆடும்போது நேர்மாறான பயம்: இனிமேல்தான் இவர்களுக்கு நடக்கப்போகிறது. நாட்டியம் ஒன்று, ஆடுகிறவர்களின் வயதுதான் மூன்று நாவல்களை எழுதிவிட்டது.

அவருடைய பிற்கால வேலைகளைப்பற்றி எனக்கு இவ்வளவு உற்சாகமில்லை. 1986ல் ரோம் நகரத்தை வைத்துச் செய்த ‘விக்டர்’ முதற்கொண்டு, ஊர் ஊராகக் குழுவோடு போய்ச் சில வாரம் தங்கி, அங்கே கண்டதைக் கொண்டு நாட்டியம் அமைக்கிற பழக்கம் ஏற்பட்டது. 1989ல் செய்த ‘பலேர்மோ பலேர்மோ’ ஆரம்பத்திலேயே மேடையை அடைத்து நிற்கும் ஒரு பெரிய சுவர் பின்பக்கமாகச் சரிந்து விழுகிறது. பிறகு முழுவதும் அந்த இடிபாட்டின்மேலேயே ஆடுகிறார்கள். அதில் பழைய பீனா இருக்கிறார். ஹாங்காங், லிஸ்பன், புடாபெஸ்ட், இஸ்தான்புல் என்று போய், 2007ல் இந்தியாவை வைத்து ‘பாம்பூ ப்ளூஸ்’ வந்தது. வெள்ளைத் திரைச்சீலைகள் காற்றில் எழும்புகின்றன. அழகான பெண்கள், அழகான துணி. பார்க்க ரம்மியமாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிந்த ஊரைப் பார்க்கும்போதுதான் குறை உறைக்கிறது. நம் ஊர்ச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பீனா உட்காரவில்லை. விருந்தாளியாக மேஜையில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளி இலையில் விழுந்ததைப் புகழ்வான். சமையலறைக்குள் நடந்த சண்டையை அவன் எப்படிச் சொல்வான்? வூப்பர்டாலில் ஆரம்ப வருஷங்களில் அவருக்கு யாரும் உபசாரம் செய்யவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று.

அவர் போனபிறகு குழு ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு சிக்கல் அதில் இருக்கிறது. இந்த அசைவுகள் அடவுகளாகப் பிறந்தவை அல்ல. குறிப்பிட்ட மனிதர்கள் குறிப்பிட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள். பிறகு சேர்ந்த இளைஞர்கள் தங்களிடம் கேட்கப்படாத கேள்விக்கு இன்னொருவர் சொன்ன பதிலை ஆடவேண்டியிருக்கிறது. சிலர் இதை ஒரு நாடகப் பாத்திரம்போல் எடுத்துக்கொண்டு நன்றாகவே செய்கிறார்கள். சிலரிடம் அசைவு மட்டும் இருக்கிறது.

2024ல் மெரில் டாங்கர்ட் இதற்கு வேறொரு வழி கண்டார். ‘காஃபே ம்யூலர்’ ஆரம்பத்தில் ஆடிய ஆறு பேரில் அவர் ஒருவர். ‘கான்டாக்ட்ஹோஃ’பிலும் முதலிலிருந்தே ஆடியவர். 1978ல் அதை முதன்முதல் ஆடியவர்களில் உயிரோடிருப்பவர்கள் சிலரைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார். எழுபது வயதை எட்டியவர்களும் தாண்டியவர்களும். அந்தக் காலத்தில் எடுத்த படம் மேடையில் திரைமேல் ஓடுகிறது. திரையில் இருபது முப்பது வயதில் அவர்களே வந்து பல்லையும் கையையும் காட்டுகிறார்கள். திரைக்கு முன்னால், அதே தாளத்துக்கு, அவர்களே மறுபடி வந்து காட்டுகிறார்கள். ஜோடி போட்டு ஆடுகிற இடங்களில் சிலருக்குத் திரையில்தான் ஜோடி இருக்கிறது.