அழிந்துபோன எதிர்மறை

ஆணின் பதவி உயர்வுக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்ற கேள்வியை ஒரு சூனியப் படம் கேட்டிருக்கிறது. 1962இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி ஈகிள்' என்னும் ஆங்கிலேயப் படம் அது. கறுப்பு வெள்ளை, குறைந்த செலவு, ஒன்றரை மணிநேரம். இயக்கம் சிட்னி ஹேயர்ஸ். ஃபிரிட்ஸ் லைபரின் நாவலிலிருந்து திரைக்கதை எழுதிய மூவரும் ஆண்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் பெண்ணாக இதை மறுபடி பார்க்கையில், சூனியத்தைவிடப் பேராசிரியர்களின் வரவேற்பறைகளே எனக்கு அதிக அச்சம் தருகின்றன.

நார்மன் டெய்லர் கல்லூரிப் பேராசிரியர், வேகமாக உயர்ந்துவருபவர். மூடநம்பிக்கைகளை வகுப்பில் வெளுத்து வாங்குகிறவர். ஒரு மாலை, சக ஆசிரியர்களும் மனைவிமாரும் அவர் வீட்டில் சீட்டாடிவிட்டுப் போகிறார்கள். விருந்தினர் போனதும் மனைவி டான்ஸி வீட்டைச் சல்லடை போட்டுத் தேடுகிறாள். யாரோ வைத்துவிட்டுப் போன சிறு பொம்மை விளக்குக் கூண்டில் கிடைக்கிறது. விருந்து வைப்பதும் அவள் வேலை, விருந்தாளி கொண்டுவந்த கேட்டைப் பொறுக்குவதும் அவள் வேலை. படத்தின் ஆகச் சிறந்த பெண்ணியக் காட்சி இதுதான் என்பேன்.

மனைவி மறைத்துவைத்திருந்த காப்புப் பொருள்களை நார்மன் கண்டுபிடிக்கிறார். தன் வெற்றிக்கு அவை காரணம் என்று அவள் சொல்வது அவருடைய பகுத்தறிவை மட்டுமா சீண்டுகிறது? 'எல்லாம் என் திறமை' என்ற கணக்கையும் அல்லவா குலைக்கிறது! அனைத்தையும் எரிக்கச் சொல்கிறார். அமெரிக்காவில் இப்படத்துக்கு வைத்த பெயர் 'பர்ன், விட்ச், பர்ன்'. சூனியக்காரியை எரியச் சொல்லும் அந்தக் கட்டளை, படத்துக்குள் ஒரு கணவனின் நாகரிகமான குரலில் ஒலிக்கிறது. எரித்த பிறகு விபத்து, பழி, துப்பாக்கி என்று வரிசையாக வருகின்றன. வீட்டுவேலை நின்ற பிறகுதானே அப்படியொரு வேலை நடந்துகொண்டிருந்தது தெரியவரும்.

இந்த வித்தையை டான்ஸி ஜமைக்காவில் கற்றவள். அதே 1962 ஆகஸ்டில்தான் ஜமைக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. கறுப்பின மக்களின் அறிவு ஒரு வெள்ளைக் குடும்பத்தின் அலமாரி இழுப்பறையில் ஒளிந்திருக்கிறது. அந்த மக்களுக்கோ கதையில் இடமில்லை. மனைவியின் உழைப்பைக் கணவன் மறுப்பதைக் காட்டும் படம், தான் எடுத்தாண்ட மக்களை அதே விதமாக மறுக்கிறது.

இதைவிட எனக்கு ஒப்பாதது வேறொன்று. மாணவி ஒருத்தி நார்மன்மீது பாலியல் குற்றச்சாட்டு வைக்கிறாள். படத்தின் தர்க்கப்படி அதுவும் ஏவல்தான். லாரி மோத வருவதுபோல அவர்மீது மோத வரும் இன்னொரு கேடு. அவளுக்கென்று ஒரு மனம் இருக்கலாம் என்று படம் நின்று யோசிப்பதே இல்லை. கல்லூரிப் புகார்களை 'யாரோ தூண்டிவிட்டது' என்று தள்ளிவிடும் பேச்சு நமக்குப் பழக்கமானது. அதன் பேய்க்கதை வடிவம் இது.

எதிரணியில் இருப்பவள் ஃப்ளோரா, இன்னொரு பேராசிரியரின் மனைவி. மார்கரெட் ஜான்ஸ்டன் கசப்பும் கூர்மையுமாக நடித்திருக்கிறார். டான்ஸி செய்ததைத்தான் அவளும் செய்கிறாள்: கணவனுக்காகக் கல்லூரியின் அதிகாரத்தில் கைவைக்கிறாள். இருவருக்கும் கணவனின் நாற்காலி வழியாக அல்லாமல் வேறு பாதை கிடையாது. ஆனால் கணவனுக்குப் பதிலாகத் தான் சாகத் துணிந்து நள்ளிரவில் கடலுக்குள் நடப்பதால் டான்ஸி நல்லவள். அதிகாரத்தை விரும்பியதால் ஃப்ளோரா கெட்டவள். கல் கழுகு அவள்மீதே விழுகிறது. தியாகம் செய்தால் பிழைக்கலாம், ஆசைப்பட்டால் சாவு என்ற நீதி நம் சினிமாவுக்கும் அந்நியமானதல்ல.

தொடக்கத்தில் நார்மன் கரும்பலகையில் 'நான் நம்பவில்லை' என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதுகிறார். இறுதியில் கழுகுக்கு அஞ்சிப் பலகையில் முதுகை அழுத்தும்போது 'நாட்' என்ற சொல் மட்டும் அழிந்துவிடுகிறது. 'நம்புகிறேன்' என்ற வாக்கியம் மிஞ்சுகிறது. தமிழில் இது நடக்காது. நம் எதிர்மறை வினையின் வாலில் ஒட்டியிருப்பது. அதை அழித்தால் 'நான் நம்ப' என்று வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். நார்மனுக்கு அந்த அரைகுறை வாக்கியமே பொருத்தம். கழுகு இருப்பதை அவர் நம்பிவிட்டார். மனைவி உழைத்திருந்தாள் என்பதை நம்பினாரா? அந்த வாக்கியத்தைப் படம் முடித்துவைக்கவில்லை.