சிவகாமியின் சபதமும் ஜே.ஜே.யின் வினாவும்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்துவார். புகழ்பெற்ற நூல்களைப் பகடி செய்யும் தற்கால எழுத்து பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) இதற்குத் தக்க சான்றாகும். எழுத்தாளர் வாழ்க்கை வரலாறு போலவே அமைந்து, அத்தகைய வரலாறுகளின் புகழ்மொழிகளை எள்ளும் நாவல் இது. அதில் மலையாள எழுத்தாளனாகப் படைக்கப்பட்டுள்ள ஜே.ஜே., தமிழ் எழுத்தாளனான பாலுவிடம், சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா என்று அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல் வினவுகிறான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்தது. அடுத்த இதழுக்காக வாசகர்கள் காத்திருந்த நிலையை ஒரே வினாவில் நகைப்புக்குள்ளாக்கிய அவ்விடம் இன்றும் பலரால் எடுத்தாளப்படுகிறது.

எனினும் அவ்வெள்ளல் நூலைத் தொடுகிறதா? தொடரின் காத்திருப்பைத் தொடுகிறது. முடிவைத் தொடவில்லை என்றே கருதுகிறோம். சபதம் நிறைவேறுகிறது, வாதாபி எரிகிறது. ஆனால் மாமல்லர் அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டார். சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைக்கிறாள். நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. சபதம் முடிந்து என்ன பயன் என்று முதலில் கேட்டவர் கல்கியே. வெகுசன எழுத்து என ஒதுக்குவோர் இதனைக் காண்பதில்லை. ஜே.ஜே.யின் வினாவைச் சுந்தர ராமசாமியின் தீர்ப்பாக அப்படியே கொள்வதும் பொருந்தாது.

செர்வாண்டிசின் 'தோன் கிகோத்தே' (1605, 1615) எள்ளிய வீரசாகசக் கதைகளை இன்று பெரும்பாலோர் அப்பகடியின் வாயிலாகவே அறிவர். கல்கிக்கு அந்நிலை நேரவில்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படங்கள் வந்தபோது அவர் பெயர் மலேசியத் திரையரங்குகள் வரை ஒலித்தது. ஜே.ஜே.யோ, தானே மிகைப்புகழுக்கு ஆட்பட்டு, அதன் நடையைப் போலச்செய்வோர் பலரை உருவாக்கியது. பகடிக்கு நேர்ந்த வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று!

தமிழ் நூல் வாங்கப் பாலிக் புலாவிலிருந்து மலைச்சாலை கடந்து ஜோர்ஜ் டவுன் செல்லும் நம்மனோர்க்கு இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. நூல் கைக்கு வருமுன் அதைப் பற்றிய நையாண்டி வந்துவிடுகிறது. மூலத்தை வாசியாத மாணவனிடம் பகடி வெறும் இகழ்ச்சியாகச் சுருங்கும். கல்கியைத் தாழ்த்திப் பேசுவதே உயர்ரசனை என அவன் எண்ணிவிடுவான். ஆதலின் ஜே.ஜே.யை வகுப்பிற்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர், நான்கு பாகங்களுக்கும் நேரமில்லையெனினும், 'சிதைந்த கனவின்' இறுதி அத்தியாயங்களையேனும் முன்னதாகப் படிக்கச் செய்தல் வேண்டும்.