சின்னக்குயிலியின் சம்மதம்

பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் புதுவையில் வாழ்ந்தார். அக்காலத்தில் அவர் படைத்த 'குயில் பாட்டு', ஊருக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலையில் தொடங்கி, பழைய பாயும் ஏடுகளும் சூழ்ந்திருக்கக் கவிஞர் கண்விழிப்பதோடு முடிகிறது. இறுதியில், இதற்கு வேதாந்தப் பொருள் விரிக்கச் சிறிது இடமுண்டாயின் கூறும்படி புலவர்களை அவர் வேண்டுகிறார்.

அவ்வேண்டுகோளை ஏற்று விளக்கங்கள் எழுந்தன. குயில் சீவான்மா என்றும், குரங்கும் மாடும் அதனை மயக்கும் புலன்கள் என்றும், சேர இளவரசன் பரம்பொருள் என்றும் பொருள் காண்பது ஒரு நெறி. குருமடத்தில் பயின்ற நமக்கு இது புதிதன்று. இனிமைமிகு பாடலின் காதலரில் இறைவனையும் ஆன்மாவையும் கண்டு புனித பெர்நார்து 86 மறையுரைகள் வரைந்தார் அன்றோ? ஆயினும் புனித தோமா அக்குவினார் ஓர் எல்லை வகுத்தார்: ஆன்மிகப் பொருள் அனைத்தும் சொல்லின் நேர்ப்பொருள் மீதே நிற்க வேண்டும். உப்பளத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். உப்பின் கரிப்பை நாவால் அறியாதவனுக்கு, ஆண்டவர் கூறிய உப்பு உவமை என்ன சொல்லும்?

குயில் பாட்டின் நேர்ப்பொருள் யாது? முற்பிறப்பில் அக்குயில், வேடர் தலைவன் மகள் சின்னக்குயிலி. மாடனை மணக்க அவள் இசைந்தது காதலால் அன்று, இரக்கத்தால். தந்தையோ நெட்டைக்குரங்கனுக்கு அவளைத் தர இசைந்தான். அவள் உள்ளம் நாடியது இளவரசனை. அவனோ பொறாமை கொண்ட அவ்விருவராலும் வெட்டுண்டு மடிந்தான். அவர்களே பின்னர்க் குரங்கும் மாடுமாக அவளைத் தொடர்கின்றனர். அவற்றைப் புலன்கள் என்று பெயரிட்டு நிறுத்திக்கொண்டால், இப்பெண்ணின் துயர் நம் கண்ணினின்று மறைந்துவிடுகிறது.

ஒரு பாரதி விழாவில் நாமும் அவ்வாறே பேசினோம். கூட்டம் முடிந்ததும் ஓர் இளம்பெண், "அந்தப் பொண்ணை யாருமே ஒரு வார்த்தை கேக்கலையே, சாமி?" என்றாள். நம்மால் விடை கூற இயலவில்லை. திருமண ஓலை எழுதுமுன் மணமகளின் சம்மதத்தைக் கேட்டறிவது நம் கடமை. தந்தையின் முகத்தைப் பார்த்த பின்னரே தலையசைக்கும் பெண்களை நாம் கண்டதுண்டு. அவர்களுடைய கதை இப்பாட்டினுள் இருந்தும், அதனை நாம் காணத் தவறினோம்.

வேதாந்தப் பொருளை நாம் மறுக்கவில்லை. இடமுண்டாயின் என்றே கவிஞரும் கேட்டார். முதலில் சின்னக்குயிலியின் கதையைக் கேட்போம். ஆன்மாவின் கதையைப் பின்னர் ஆராய்வோம்.